இடம் விட்டு வாசித்தவர்

பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவின் ‘தி எண்ட்லெஸ் ரிவர்’ ஆல்பம் 2014 நவம்பரில் வெளிவந்தபோது, அதில் கீபோர்டு வாசித்த ரிக் ரைட் உயிரோடு இல்லை. 2008 செப்டம்பர் 15 அன்று புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. வயது 65. பிங்க் ஃபிளாய்டைக் கேட்டே வளர்ந்தவன் நான். இந்த ஆல்பத்தைக் கேட்கும்போது துக்கம் வரும் என்றுதான் எண்ணியிருந்தேன். வந்தது ஒரு நிம்மதி. அது எங்கிருந்து வந்தது என்ற யோசனையோடுதான் இன்றும் இதைக் கேட்கிறேன்.

1993இல் குழுவினரான டேவிட் கில்மோர், நிக் மேசன், ரைட் மூவரும் முன்திட்டம் ஏதுமின்றி உட்கார்ந்து வாசித்தார்கள். லண்டனில் பிரிட்டானியா ரோ ஸ்டுடியோவில் தொடங்கி, தேம்ஸ் நதியில் நிற்கும் கில்மோரின் ‘அஸ்டோரியா’ என்ற படகு ஸ்டுடியோவில் தொடர்ந்தார்கள். அதிலிருந்து பிறந்தது 1994இன் ‘தி டிவிஷன் பெல்’. ஆல்பத்தில் இடம்பெறாத பதிவுகள் ஏறத்தாழ 20 மணி நேரத்துக்கு இருந்தன. ரைட் போன பிறகு நண்பர்கள் இருவரும் அவற்றைத் திறந்து கேட்டு, தங்கள் பங்கைப் புதிதாக வாசித்துச் சேர்த்தார்கள். நான்கு பகுதிகள், சுமார் 53 நிமிடங்கள். பாட்டு என்று இருப்பது கடைசியில் ஒன்றே ஒன்று.

விமர்சகர்கள் பலர் இதை மிச்சம் மீதி என்றார்கள். மிச்சம்தான், மறுக்கவில்லை. ஒரு மனிதரின் இயல்பு அவர் உலகத்துக்காகச் செய்து முடித்த காரியங்களில் தெரிவதைவிட, யாரும் பார்க்காத வேளையில் கை போன போக்கில் செய்தவற்றில் இன்னும் தெளிவாகத் தெரியும். ரைட்டின் இயல்பை இந்த மிச்சத்தில்தான் நான் முழுதாகக் கேட்டேன்.

1971இன் ‘எக்கோஸ்’ 23 நிமிடம் ஓடும் பெரும் படைப்பு. அதன் தொடக்கம் ரைட்டின் பியானோவில் ஒரே ஒரு ஸ்வரம். லெஸ்லி ஸ்பீக்கர் வழியாக அது நீருக்கடியில் ஒலிப்பதுபோல் வரும். அடுத்த முறை அது வருவதற்குள் நீண்ட இடைவெளி. அந்த இடைவெளியில் நம் மூச்சுகூட நிதானப்பட்டுவிடும். 1973இல் வெளிவந்த, மரணத்தை நினைத்து அவர் அமைத்த ‘தி கிரேட் கிக் இன் த ஸ்கை’யில் பாடகி கிளேர் டோரியின் குரல் சொல்லே இல்லாமல் கதறும், அடியில் ரைட்டின் பியானோ பதறாமல் நடந்துகொண்டிருக்கும். கச்சேரியில் தம்புரா மாதிரி அவர். கைதட்டல் அதற்குக் கிடைப்பதில்லை. அது நின்றால் பாடகருக்குக் காலூன்ற இடமில்லை.

அப்படிப்பட்டவரைத்தான் ‘தி வால்’ ஆல்பத்தின்போது குழுவிலிருந்து வெளியேற்றினார்கள். அதன் மேடைகளில் அவர் சம்பளம் வாங்கும் கலைஞராக வந்து அதே இசையை வாசித்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கும். தான் கட்டிய வீட்டில் கூலிக்கு நிற்க எத்தனை பேரால் முடியும்? பிறகு அவர் திரும்பி வந்தார். ‘தி டிவிஷன் பெல்’லின் ஐந்து பாடல்களில் இசையமைப்பாளராக அவர் பெயரும் இருக்கிறது. அந்த 1993 வாசிப்பில் பழைய காயத்தின் கசப்பு ஒரு துளியாவது கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு தேடியிருக்கிறேன். என் காதுக்கு எட்டவில்லை. மற்றவர் வாசிக்க வாகாக நகர்ந்து இடம் விட்டுக்கொண்டே போகிறார். ‘நான்’ கரைவதைப் பற்றி ஞானிகள் சொல்வதைப் படித்திருக்கிறோம். அது ஒலியாக வந்தால் இப்படித்தான் இருக்கும் என்று நம்புகிறேன்.

‘தி எண்ட்லெஸ் ரிவர்’ ஆல்பத்தின் மூன்றாம் பகுதியில் ‘ஆட்டம் ’68’ என்றொரு சிறு துண்டு வருகிறது. 1969இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலின் பிரம்மாண்டமான பைப் ஆர்கனில் ரைட் வாசித்தது. அப்போது அவருக்கு 25 வயது. அதற்கு முன்னும் பின்னும் ‘அலோன்ஸி’ என்ற துண்டின் இரு பாதிகள், கில்மோரின் கிட்டாரோடு. இளைஞனாக ஆர்கன் முன் அமர்ந்தவர், ஐம்பதை எட்டிப் படகில் வாசித்தவர், அவர் போன பின் அவருக்காக வாசிக்கும் நண்பர்கள் என்று மூன்று காலங்கள் சில நிமிடங்களுக்குள் கூடிவிடுகின்றன. எது முன், எது பின் என்று பிரிக்கத் தோன்றுவதில்லை. காலம் நாம் நினைப்பதுபோல் நேர்கோட்டில் மட்டும் செல்வதில்லை என்பதை எந்தத் தத்துவ நூலும் எனக்கு இவ்வளவு எளிதாகக் காட்டியதில்லை.

குறைகளும் உண்டு. ‘அனிசினா’வின் இனிமை எனக்குத் திகட்டுகிறது. பல துண்டுகள் விரியத் தொடங்கும்போதே முடிந்துபோகின்றன. ஆனால் முதல் பகுதியின் ‘இட்ஸ் வாட் வீ டூ’வில் ரைட்டின் கீபோர்டு மெல்லப் பரவ, கில்மோரின் கிட்டார் அவசரப்படாமல் உள்ளே வரும் இடம் ஒன்று போதும். இறந்த நண்பரை முந்திக்கொள்ளக் கூடாது என்ற மரியாதை அந்தக் கிட்டாரில் இருக்கிறது. ரைட் இறந்தபோது எழுதிய அஞ்சலியில், பிங்க் ஃபிளாய்ட் யாருடையது என்ற சண்டையில் அவருடைய பெரும்பங்கு மறக்கப்பட்டுவிட்டதென்று கில்மோர் வருந்தியிருந்தார். ஆறு ஆண்டுகள் கழித்து அந்த வருத்தத்தை அவர் வாசித்தே காட்டிவிட்டார். கில்மோரின் மனைவி பாலி சாம்சன் வரிகள் எழுதிய கடைசிப் பாட்டு பேசுவதும் இதைத்தான்: எங்களுக்குள் எத்தனை பூசல் இருந்தாலும் சேர்ந்து வாசிக்கையில் சொல்லைக் கடந்த ஒன்று நிகழ்ந்தது.

புதிதாகக் கேட்கப்போகிறவர்களிடம் ஒரு விண்ணப்பம். இதை அதே குழுவின் புகழ்பெற்ற ‘தி டார்க் சைட் ஆஃப் த மூன்’ ஆல்பத்தின் பக்கத்தில் வைத்து அளக்காதீர்கள். துண்டு துண்டாகவும் கேட்காதீர்கள். 53 நிமிடங்களை மொத்தமாக ஒதுக்கி, வரிசை மாற்றாமல் கேளுங்கள். கிட்டார் உங்கள் கவனத்தை இழுக்கும். இழுக்கட்டும். இரண்டாம் முறை கேட்கும்போது அதற்கு அடியில் இருப்பவரைக் கேளுங்கள்.