பெயர் மாறினால் கடன் யாருடையது?

ஒருவருடைய பெயரைச் சட்டமோ சமயமோ முறைப்படி மாற்றி, அந்த மாற்றத்துக்குக் காவலும் அளித்துவிட்ட பிறகு, பழைய பெயரில் அவர் வாங்கியிருந்த கடனை யார் அடைப்பது என்னும் வினா, மேலோட்டமாகப் பார்த்தால் வழக்கறிஞர் மேசையிலேயே முடிந்துவிடக்கூடியதாகத் தோன்றும். பத்திரத்தில் ஒரு பெயர் இருக்கிறது, ஆள் வேறு பெயரில் நடமாடுகிறார், இருவரும் ஒருவரே என்று காட்ட அரசிதழின் ஒரு பக்கம் போதும். ஆனால் பெயர் மாற்றத்தை நாடுவோருள் ஒரு சாரார் 'பழைய ஆள் இப்போது இல்லை' என்று உலகுக்கு அறிவிப்பதற்காகவே அதை நாடுகிறார்கள் என்பதையும், அந்த அறிவிப்பை ஏற்றுக்கொள்ளும் சட்டங்களும் சமயங்களும் உண்டு என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 'ஆள்' என்று சொல்லப்படுவது எது, அது எவ்வளவு காலம் அதே ஆளாக இருக்கிறது என்னும் பழைய தத்துவச் சிக்கலில் அந்த வினா போய் நிற்கும்.

தமிழில் 'கடன்' என்னும் சொல், வாங்கிய பணத்தையும் செய்தாக வேண்டிய கடமையையும் ஒருங்கே குறிக்கிறது. ஈமக்கடன், காலைக்கடன் என்னும்போது கடன் கொடுத்த மனிதர் எவரும் எதிரே நிற்பதில்லை. மனமில்லாமல் செய்யும் வேலையைக் 'கடனே என்று' செய்வதாகச் சொல்லும்போதும் அப்படித்தான். பணக்கடனில் மட்டும் எதிரே ஒரு முகம் இருக்கிறது, அந்த முகத்துக்கு உரியவர் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை, அவருடைய பெயரும் இழப்பும் அப்படியே இருக்கின்றன. பெயர் மாற்றத்தைப் பற்றிய பேச்சு எப்போதும் மாறியவரையே நோக்கி நடப்பதால், மாறாமல் நிற்கும் இந்த இரண்டாவது ஆள் எளிதில் மறக்கப்படுகிறார். அவரை மறக்காமல் இச்சிக்கலை எண்ணிப் பார்த்த மிகப் பழைய ஆவணங்களுள் ஒன்று பௌத்தத் துறவியருக்கான ஒழுக்க நூலான விநயபிடகம்.

அந்நூலின் மகாவக்கம் என்னும் பகுதி மகத நாட்டின் நிலையை இவ்வாறு காட்டுகிறது. புத்தரின் சங்கத்தில் சேர்ந்து துறவு பூண்டவர்மேல் எவரும் கை வைக்கக்கூடாது என்று மன்னன் பிம்பிசாரன் ஆணையிட்டிருந்தான்; இன்றைய மொழியில் சொன்னால், துறவு என்பது அரசால் பாதுகாக்கப்பட்ட ஓர் அடையாள மாற்றமாக இருந்தது. கடன்பட்ட ஒருவன் ஊரைவிட்டு ஓடி வந்து பிக்குகளிடம் துறவு பெற்றுக்கொள்கிறான். கடன் கொடுத்தவர்கள் அவனைக் கண்டு பிடித்துப் போக முற்படும்போது, உடன் இருந்தவர்களே மன்னனின் ஆணையை நினைவூட்டித் தடுத்துவிடுகிறார்கள். மக்கள் முணுமுணுக்கிறார்கள், சாக்கியரின் பிள்ளைகளை யாரும் தொட முடியாது என்றாகிவிட்ட பிறகு கடன்காரனுக்கு எப்படித் துறவு கொடுத்தார்கள் என்பது அவர்கள் குறை. அது புத்தரின் காதுக்கு எட்டியதும், கடன்பட்டவனுக்குத் துறவு தரலாகாது, தந்தவருக்குத் துக்கடம் என்று விதி பிறக்கிறது. துக்கடம் என்பது விநயத்தில் கூறப்படும் சிறு குற்ற வகைகளுள் ஒன்று.

இவ்விதியின் நுட்பம் அது சொல்லாமல் விட்டதில் இருக்கிறது. மன்னனின் காவலை நீக்கும்படி அது கேட்கவில்லை. அறியாமலோ அறிந்தோ கடன்காரனுக்குத் துறவு தரப்பட்டுவிட்டால் அந்தத் துறவு செல்லாது என்றும் கூறவில்லை. துறவு நிற்கும், குற்றம் தந்தவரைச் சாரும். புதிய அடையாளம் உண்மையானதா என்பது ஒரு வினா, பழைய கடன் நிற்கிறதா என்பது மற்றொரு வினா, ஒன்றுக்குச் சொல்லும் விடை மற்றொன்றை அழிப்பதில்லை என்னும் பிரிவினை இங்கே செய்யப்பட்டுவிட்டது. பிற்கால உரையாசிரியர்கள் இன்னும் ஓர் அடி எடுத்துவைத்து, உறவினரோ மற்றவரோ அக்கடனைத் தம் தலையில் ஏற்றுக்கொண்டால் அவனுக்குத் துறவு தரலாம் என்றனர். கடன் கொடுத்தவருக்கு வேண்டியது பணமே தவிர அந்த ஆளின் காவியுடை அல்ல என்னும் நடைமுறை அறிவு அதில் தெரிகிறது.

இதில் வியப்பூட்டும் செய்தி, இவ்விதியை இயற்றியது 'நிலையான தான் என்று ஒன்று இல்லை' என்று கற்பித்த சமயம் என்பதே. அனாத்ம வாதம் எனப்படும் அக்கொள்கையின்படி, நேற்றுக் கடன் வாங்கியவனுக்கும் இன்று மொட்டையடித்து நிற்பவனுக்கும் பொதுவான மாறாப் பொருள் எதுவும் இல்லை. அப்படியானால் கடனை யாரிடம் கேட்பது? கிரேக்க அரசன் மிலிந்தனுக்கும் நாகசேனர் என்னும் பிக்குவுக்கும் நடந்த உரையாடலாக அமைந்த மிலிந்த பஞ்ஹா இதையே நேராக எடுத்துக்கொள்கிறது. மறுபிறப்பில் பிறப்பது வேறொரு நாமரூபம், அதாவது பெயரும் உருவும் சேர்ந்த வேறொரு தொகுதி என்றால், பழைய தீவினையிலிருந்து அது விடுபட்டதாகாதா என்று அரசன் கேட்கிறான். மாம்பழம் திருடியவன் ஒருவன், தோட்டக்காரன் நட்டது வேறு மாங்கொட்டை, தான் பறித்தது வேறு பழம் என்று வாதாடினால் தப்ப முடியுமா என்று நாகசேனர் திருப்பிக் கேட்கிறார். நட்டதிலிருந்துதான் பறித்தது வந்தது; அந்தத் தொடர்ச்சி போதும், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய தேவையில்லை. ஒருமை வேறு, தொடர்ச்சி வேறு என்னும் இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் இவ்விவாதத்தில் அடுத்த அடி எடுத்துவைக்க முடியாது.

சிசிலித் தீவில் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் நகைச்சுவை நாடகங்கள் இயற்றிய எபிகார்மஸ் என்னும் கவிஞரின் பெயரால் வழங்கும் ஒரு காட்சி இதே வாதத்தைத் தலைகீழாக நிறுத்துகிறது. கூழாங்கற் குவியலில் ஒரு கல்லைக் கூட்டினாலோ குறைத்தாலோ எண்ணிக்கை வேறாகிவிடுவதுபோல், நாள்தோறும் வளர்ந்தும் தேய்ந்தும் வரும் மனிதனும் வேறாகிவிடுகிறான், ஆகவே கடன் வாங்கியவன் தான் அல்ல என்கிறான் கடன்காரன். கொடுத்தவன் அவனை அடித்துவிடுகிறான். அவன் முறையிட்டபோது, அடித்தவனும் இப்போது வேறாகிவிட்டான் என்று விடை வருகிறது. அரங்கில் எழுந்திருக்கக்கூடிய சிரிப்பு ஒருபுறமிருக்க, 'நான் அவன் அல்லேன்' என்பது ஒருவர் தமக்கு மட்டும் எடுத்துக்கொள்ளக்கூடிய சலுகை அல்ல என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டுவது கடினம்.

வைதிக மரபு வேறு வழியில் சென்றது. சந்நியாசம் ஏற்பவர் தமக்குத் தாமே சிராத்தம் செய்துகொள்கிறார். அதாவது உயிரோடு இருக்கும்போதே தம் ஈமக்கடனைத் தாமே முடித்து, குடும்பத்தவரைப் பொறுத்தவரை இறந்தவராகி, புதிய பெயர் பெறுகிறார். இதைச் சட்ட நூல்கள் குடிமை இறப்பு என்று குறிப்பிடும்; உடல் இருக்க, சொத்துரிமையும் வாரிசுரிமையும் உடைய ஆள் மட்டும் மறைந்துவிடுவது என்று பொருள். மெய்யாகவே 'பழைய ஆள் இல்லை' என்று ஒப்புக்கொள்ளும் முறை இது. ஆயினும் கடன் இறக்கவில்லை. கடன் வாங்கியவர் இறந்தாலும், துறவு மேற்கொண்டாலும், இருபது ஆண்டுகள் வெளிநாட்டில் தங்கிவிட்டாலும் அக்கடனை மகனும் பேரனும் அடைக்க வேண்டும் என்று விஷ்ணு ஸ்மிருதி விதிக்கிறது. இறப்பு, துறவு, தலைமறைவு ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் அது சொல்லிவிடுவதில் துறவின் பெருமை கொஞ்சம் அடிபடத்தான் செய்கிறது. மனைவி மக்களுக்கு வழி செய்யாமல் துறவு பூணுபவனுக்கு அர்த்தசாஸ்திரம் தண்டமே விதித்தது. தந்தையின் துறவுக்கு மகன் வட்டி கட்டும் இந்த ஏற்பாடு கொடுத்தவருக்கு நியாயம் செய்கிறது, பிள்ளைக்குச் செய்கிறதா என்பது ஐயமே. அவ்வகையில் கடனை முன்னதாகவே தீர்த்துக்கொண்டு வரச் சொன்ன விநயத்தின் வழி மேலானது என்று கருத இடமுண்டு.

இஸ்லாத்தைத் தழுவுவோர் பலர் புதிய பெயர் ஏற்பதும், அதற்கு முந்தைய பாவங்கள் அழிந்துவிடுவதாக அம்மார்க்கம் போதிப்பதும் தெரிந்தவை. ஆனால் இறைவனுக்குரிய உரிமைகளும் மனிதருக்குரிய உரிமைகளும் வேறுவேறாக வைக்கப்பட்டிருக்கின்றன. முகீரா இப்னு ஷுஃபா என்பவர் தம்முடன் பயணம் செய்தவர்களைக் கொன்று அவர்கள் பொருளை எடுத்துக்கொண்டு வந்து இஸ்லாத்தைத் தழுவியபோது, நபிகள் நாயகம் அவருடைய ஏற்பை ஒப்புக்கொண்டு, அப்பொருளோடு தமக்குத் தொடர்பில்லை என்று விலகியதாக ஹதீஸ் தொகுப்பு கூறுகிறது. உயிர்த்தியாகியின் எல்லாப் பாவமும் மன்னிக்கப்படும், கடன் மட்டும் விலக்கு என்பதும் அங்கே உண்டு. தமிழ் முஸ்லிம் ஊர்களில் ஜனாஸா தொழுகைக்கு முன்பு மகனோ சகோதரரோ எழுந்து நின்று, இறந்தவர் யாருக்காவது பணம் தர வேண்டியிருந்தால் தம்மிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம் என்று அறிவிப்பது இந்த நம்பிக்கையின் நேரடி விளைவு.

ஐரோப்பியச் சிந்தனையில் ஜான் லாக் 1694இல் வெளிவந்த தம் நூலின் இரண்டாம் பதிப்பில், 'ஆள்' என்பது வழக்குமன்றத்துக்குரிய சொல் என்றார். செயலுக்குப் பொறுப்பேற்பது யார் என்று தீர்மானிக்கவே அச்சொல் தேவைப்படுகிறது என்பது அவர் கருத்து. அப்பொறுப்பை அவர் நினைவோடு கட்டிப்போட்டார். நினைவை அளவுகோலாக்கினால் மறந்துவிட்ட கடன் கடனே அல்ல என்றாகிவிடும் என்பதால், வட்டிக்கடைக்காரர் எவரும் அவர் கட்சியில் சேரமாட்டார்.

இப்பின்னணியில் இக்காலச் சட்டங்களைப் பார்க்கும்போது, அவை தத்துவத்தைப் படித்தறியாமலே மகதத்து விடையை நெருங்கியிருப்பது தெரிகிறது. பிரிட்டனின் பாலின ஏற்புச் சட்டம், 2004, ஒருவர் பெற்ற புதிய பாலினத்தை முழுமையாக ஏற்று, அவருடைய முந்தைய நிலையை அலுவல் முறையில் அறிந்தவர் அதை வெளியிடுவதைக் குற்றமாக்குகிறது. மறுகணமே, சான்றிதழுக்கு முன்பு நடந்தவை எதையும் அது மாற்றாது என்றும் அதே சட்டம் கூறுகிறது. அதன்கீழ் 2005இல் பிறந்த ஆணையொன்று அந்த இரகசியத்தில் சில வாயில்களைத் திறந்துவைத்தது: சட்ட ஆலோசனை, மருத்துவம், சமயம் ஆகியவற்றோடு கடன் தகுதி நிறுவனங்களும் நொடிப்பு நடவடிக்கைகளும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றன. உலகத்தாருக்கு மூடிய கதவு கடன் கணக்கருக்கும் ஒரு விரற்கடை திறந்திருக்கிறது.

அமெரிக்காவின் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தில் சிக்கல் இன்னும் கூர்மையானது. ஏனெனில் அங்கே பழைய பெயர் வெளிப்பட்டால் போவது மானம் அல்ல, உயிர். குற்றக் கும்பலுக்கு எதிராகச் சாட்சி சொன்னவருக்கு அரசு புதிய பெயரும் புதிய ஊரும் தருகிறது, அவரிடம் பணம் வர வேண்டியவர் வெறுங்கையோடு நிற்கிறார். 1984ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு ஒரு வழி கண்டது. தீர்ப்புப் பெற்ற கடனீந்தவர் கேட்டும், ஆபத்தைக் கருதி அரசு இருப்பிடத்தை வெளியிட மறுத்தால், அவர் நீதிமன்றத்தை அணுகலாம். சாட்சி கடனைத் தீர்க்க நேர்மையாக முயலவில்லை என்று தெரிந்தால் நீதிமன்றம் ஒரு காப்பாளரை அமர்த்தும். சாட்சியின் புதிய பெயரும் முகவரியும் அந்தக் காப்பாளருக்கு மட்டும் சொல்லப்படும், அவர் கொடுத்தவரின் சார்பில் பணத்தை வசூலிக்க முயல்வார். கடன் கொடுத்தவருக்குப் பணத்தின்மேல் உரிமை உண்டு, பெயரின்மேல் இல்லை என்பதை இவ்வளவு துல்லியமாகப் பிரித்துக்காட்டும் ஏற்பாடு வேறு அரிது.

இந்தியாவில் 2014ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் 2019ஆம் ஆண்டின் திருநர் பாதுகாப்புச் சட்டமும் வந்த பிறகு, மாவட்ட ஆட்சியர் வழங்கும் அடையாளச் சான்றிதழைக் கொண்டு ஆவணங்களில் பெயரை மாற்றிக்கொள்ள முடிகிறது. பான் அட்டையில் பெயர் மாறும், எண் மாறாது. கடன் தகுதி அறிக்கை அந்த எண்ணைப் பற்றிக்கொண்டு வருகிறது. இங்கே ஒரு தவறான எண்ணம் விலக வேண்டும். திருநங்கையர் பலர் தாம் புதிதாகப் பிறந்துவிட்டதாகக் கூறுவதில்லை. என்றும் இருந்த தம்மை உலகம் இப்போதுதான் சரியாக அழைக்கிறது என்பதே அவர்கள் கூற்று. அக்கூற்றை முழுவதும் நம்பினால் கடன் தொடர்வதில் எந்த முரணும் இல்லை, அன்று வாங்கியவரும் அவரே. புண்படுத்துவது கடன் அல்ல, வசூலுக்கு வருபவர் தெருவே கேட்கும்படி பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது. வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கடனாளியைத் தொலைபேசியில் அழைக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் நேரம் வகுத்தது; எந்தப் பெயரால் அழைப்பது என்பதும் அதே அளவு கருதத் தக்கதே. கணக்கேட்டில் பழைய பெயர் ஓர் அடிக்குறிப்பாகக் கிடக்கலாம். வாசலில் நின்று உரக்கச் சொல்லப்படுவதற்குக் கடன் பத்திரம் அதிகாரம் தருவதில்லை.

இந்தக் கூச்சமும் விநயத்துக்குத் தெரிந்ததுதான். உபசம்பதை எனப்படும் முழுத்துறவு பெற வருபவரிடம் நோய், அடிமைநிலை, கடன், அரசப்பணி முதலியவை பற்றி வரிசையாகக் கேட்பது விதி. சங்கத்தின் நடுவே திடீரென்று கேட்டபோது வந்தவர்கள் வெட்கத்தால் வாயடைத்து நின்றதால், முதலில் ஒருபுறம் அழைத்துச் சென்று தனியே கற்பித்துவிட்டுப் பிறகு அவையில் கேட்கும்படி விதி திருத்தப்பட்டது. தேரவாதப் பௌத்த நாடுகளில் இன்றும் துறவு பெற வருபவர் அவையிலிருந்து சற்று விலகி நின்று அவ்வினாக்களை எதிர்கொள்கிறார். 'கடனில்லாதவனா நீ' என்ற வினா வரிசையின் இடையில் வருகிறது, 'ஆம்' என்கிறார். 'உன் பெயர் என்ன' என்ற வினா அதற்குப் பின்னரே வருகிறது. பழைய மரபில், அவர் யாராக இருந்தாலும், அதற்கு அவர் சொல்லும் விடை நாகன் என்பது.