பஸ் காசும் மருந்துதான்



மனம் சோர்ந்திருக்கும் ஒருவரைக் கண்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? "மனத்தைத் தளர விடாதையுங்கோ" என்போம். நல்ல சொல்தான். ஆனால் அந்த மனத்தைத் தளரச் செய்தது எது என்று கேட்க நம்மிற் பலர் மறந்துவிடுகிறோம்.

ஆபிரிக்காவிலுள்ள சிம்பாப்வே நாட்டில் நடந்ததைக் கேளுங்கள். டிக்சன் சிபண்டா என்னும் மனநோய் வைத்தியரிடம் சிகிச்சை பெற்றுவந்த இளம்பெண் ஒருத்தி, 2005ஆம் ஆண்டில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டாள். ஆசுபத்திரிக்கு வர எண்ணியிருந்தும், பஸ்ஸுக்குக் கொடுக்க 15 டொலர் இல்லாமையால் வர இயலவில்லை என்றார் அவளுடைய தாய். வைத்தியர் இருந்தார், வழிச்செலவு இருக்கவில்லை.

அதே ஆண்டில் அந்நாட்டு அரசு, நகர்ப்புற ஏழைகளின் குடிசைகளையும் சிறு கடைகளையும் இடித்துத் தள்ளியது. ஏறத்தாழ 7 இலட்சம் பேர் வீட்டையோ தொழிலையோ இரண்டையுமோ இழந்தனர் என ஐக்கிய நாடுகள் சபையின் அறிக்கை கூறிற்று. வீடிழந்தவனுக்கு உறக்கம் வராதது அவனுடைய மனத்தின் குற்றமா?

2006இல் ஹராரே நகரின் எம்பாரே பகுதியில், பயிற்சி பெற்ற 14 பாட்டிமாருடன் சிபண்டா ஒரு முயற்சியைத் தொடங்கினார். மர வாங்கில் அமர்ந்து, வருவோரின் கதையை அவர்கள் முழுமையாகக் கேட்டனர். வைத்திய நூற் பெயர்களை விட்டு, "அளவுக்கு மிஞ்சி யோசித்தல்" என்று பொருள்படும் தங்கள் ஷோனா மொழிச் சொல்லையே நோய்க்குப் பெயராகக் கொண்டனர். நாமும் "ஒரே யோசனை" என்றுதானே சொல்கிறோம்! வந்தவருடைய தொல்லைகளுள் ஒன்றைத் தெரிந்தெடுத்து, அதற்கு அவரே ஒரு வழி காணத் துணைநின்றனர். பின்னர் அவ்வாறு வந்தோர் குழுவாகக் கூடி, பழைய பிளாஸ்ரிக்கில் பை பின்னிச் சிறு வருவாயும் தேடினர்.

573 பேரிடம் நடத்திய ஆய்வொன்று 2016இல் வெளியாயிற்று. ஆறு மாதங்களின் பின், வழமையான பராமரிப்பைப் பெற்றோரில் நூற்றுக்கு 50 பேர்வரை மனச்சோர்வின் அறிகுறிகளோடு இருந்தனர். பாட்டிமாரிடம் வந்தோரில் 14 பேரளவே அவ்வாறிருந்தனர்.

"ஏழையை அவனுடைய ஏழ்மைக்குப் பழக்கும் வேலையல்லவா இது?" எனச் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இடித்த வீட்டைப் பாட்டியால் கட்டிக்கொடுக்க முடியாது. ஆறுதல் சொன்னதோடு நம் கடமை தீர்ந்ததென்று இருந்துவிட்டால், அந்த ஆறுதலே அநீதிக்குத் துணைபோய்விடும். ஆயினும், அநீதி ஒழியும்வரை பொறுத்திரு என்று துன்பப்படுபவரிடம் சொல்ல நமக்கு என்ன உரிமை? அவரின் துயரைக் கேட்பதும் கடமை. அத்துயரை விளைவித்ததை மாற்ற உழைப்பதும் கடமை. ஒன்றைச் செய்து மற்றதைத் தட்டிக்கழிக்கலாகாது.

ஆகவே, வாசகரே, "மனத்தைத் தளர விடாதையுங்கோ" என்று சொல்லுமுன், அந்த வீட்டில் இன்று அடுப்பு எரிந்ததா, கிளினிக்குக்குப் போகப் பஸ் காசு இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.