கணக்கில் வராத காது

வானொலி நிலையத்துக்குத் தன்னை யார் கேட்கிறார்கள் என்று தெரியாது. கோபுரத்திலிருந்து மின்காந்த அலை நாலாபக்கமும் பரவுகிறது. அதன் எல்லைக்குள் பத்துப் பெட்டிகள் இருந்தாலும் பத்தாயிரம் இருந்தாலும் நிலையத்துக்குச் செலவு ஒன்றுதான். வீட்டில் இருக்கும் பெட்டி அலையை வாங்கிக்கொள்கிறது, பதில் எதையும் அனுப்புவதில்லை. இந்த ஒருவழிப் பாதையை ஒரு குறையாகவே பேசிவந்திருக்கிறோம். மேலே இருப்பவர் பேசிக்கொண்டே இருக்க, கீழே இருப்பவர்கள் வாய்மூடிக் கேட்க வேண்டும். பெண்களுக்கு இந்த ஏற்பாட்டைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் பாதைக்கு இன்னொரு குணமும் உண்டு. அது கேட்பவளை விசாரிப்பதில்லை. எதைக் கேட்டாள், எத்தனை மணிக்குக் கேட்டாள், எந்த இடத்தில் அணைத்தாள் என்பதெல்லாம் எங்கும் பதிவாவதில்லை. ஒரு பெண் யாருக்கும் கணக்குச் சொல்லாமல் செய்யக்கூடிய காரியங்கள் எத்தனை? கோயிலுக்குக் கிளம்பினாலும் எப்போது திரும்புவாய் என்கிறார்கள். நூலகத்தில் புத்தகம் எடுத்தால் பேரேட்டில் பெயர் ஏறுகிறது. கடிதம் வந்தால் யார் எழுதியது என்று கேட்கிறார்கள். கணக்குக் கேட்கப்படாத அந்தச் சின்னப் பட்டியலில் வானொலி கேட்பதும் இருந்தது.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. 1980களின் நடுப்பகுதி வரை இந்தியாவில் வானொலிப் பெட்டி வைத்திருக்க அஞ்சலகத்தில் உரிமம் வாங்க வேண்டும். எங்கள் வீட்டு உரிமப் புத்தகத்தில் அப்பாவின் பெயர்தான் இருந்தது. அவர் வீட்டில் இருக்கும்போது அவருக்கு வேண்டிய நிலையம், அவர் கிளம்பிய பிறகு அம்மாவுக்கு வேண்டியது. அம்மா என்ன கேட்டார் என்று எங்களுக்கே சரியாகத் தெரியாது. காப்பர் டி பற்றி, அது எத்தனை ஆண்டுகள் தாங்கும், எப்போது டாக்டரிடம் போக வேண்டும் என்று அவர் ஒருநாள் அத்தையிடம் தாழ்ந்த குரலில் விளக்கிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் யாரும் வாய் திறந்து பேசாத விஷயம். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அத்தை கேட்டதற்கு, ‘எங்கேயோ கேட்டேன்’ என்றார். பொய் இல்லை, ஆனால் அதற்கு மேல் யாரும் தோண்ட முடியாத பதில். பெண்கள் நிறைய தடவை சொல்லியிருக்கும் இந்த வாக்கியத்துக்குப் பின்னால் ஒரு தொழில்நுட்பம் இருந்தது என்பது எனக்கு வெகுநாள் கழித்தே உறைத்தது.

வீட்டுக்கு மட்டுமல்ல, அரசுக்கும் இது தொல்லைதான். 1939 செப்டம்பரில் நாஜி ஜெர்மனி அயல்நாட்டு வானொலி கேட்பதைக் குற்றமாக்கியது. பெட்டியின் திருகில் அந்த எச்சரிக்கையை ஒரு அட்டையில் அச்சடித்துத் தொங்கவிட்டார்கள். அவ்வளவு பெரிய அதிகாரமும் யார் கேட்கிறார்கள் என்பதைக் காற்றிலிருந்து கண்டுபிடிக்க வழியில்லாமல், பக்கத்து வீட்டுக்காரரும் உறவினரும் காட்டிக்கொடுப்பதையே நம்பியிருந்தது. 1990களின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பேட்டரிகள் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்தன. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். ஒருவர் சுற்ற மற்றவர்கள் கேட்பார்கள். அவர்கள் எந்த நிலையத்தைத் திருப்பினார்கள் என்பது ராணுவத்துக்கும் தெரியாது, இயக்கத்துக்கும் தெரியாது. இலங்கையில் பலர் நம்பிக் கேட்ட பிபிசி தமிழோசை 1941இல் தொடங்கியது. அதன் சிற்றலை ஒலிபரப்பு 2017இல் நின்றுபோனது. இப்போது பிபிசி தமிழ் இணையத்தில் இருக்கிறது.

இணையத்தில் கேட்பது வேறொரு செயல். அங்கே பரவுவதற்கு அலை இல்லை. நான் பொத்தானை அழுத்தும்போது என் கருவி ஒரு சர்வரைக் கூப்பிட்டுக் கேட்கிறது, சர்வர் எனக்கென்று ஒரு பிரதியைத் துண்டு துண்டாக அனுப்புகிறது. பத்தாயிரம் பேர் கேட்டால் பத்தாயிரம் தனித்தனி இணைப்புகள். எந்த முகவரிக்கு அனுப்புவது என்று தெரியாமல் அனுப்பவே முடியாது. ஆகவே நம்மை அறிவது இந்த முறையின் அடிப்படையிலேயே இருக்கிறது, கெட்ட நோக்கத்தோடு பிற்பாடு சேர்த்தது அல்ல. கெட்ட நோக்கம் அதன்மேல் வசதியாக உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். குடும்பத்துக்கே ஒரு கைபேசி, மகனின் மின்னஞ்சலில் திறந்த கணக்கு என்று இருக்கிற வீட்டில், அம்மா இரவு பதினொரு மணிக்கு விவாகரத்துச் சட்டம் பற்றி ஒரு உரையைக் கேட்டால், காலையில் அதே போன்ற நான்கு உரைகள் மகனின் திரையில் வந்து நிற்கும். நிறுவனம் தகவலை விற்பதைப் பற்றி நிறைய எழுதுகிறோம். வீட்டுக்குள்ளேயே அது கசிவதைப் பற்றிக் குறைவாகத்தான் எழுதுகிறோம்.

இங்கே எனக்குள் ஒரு எதிர்க்குரலும் எழுகிறது. எங்களைக் கணக்கில் எடுங்கள் என்பதுதானே பெண்களின் பழைய கோரிக்கை? வீட்டு வேலையைக் கணக்கில் எடு, விவசாயக் கூலியில் எங்கள் பங்கைக் கணக்கில் எடு என்று கேட்டுவிட்டு, கேட்பதில் மட்டும் கணக்கு வேண்டாம் என்பதா? இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. கணக்கில் வராதவளுக்காக யாரும் நிகழ்ச்சி செய்வதில்லை. இந்தியத் தொலைக்காட்சியின் பார்வையாளர் அளவீட்டைப் பார்க் என்ற அமைப்பு நடத்துகிறது. நாடு முழுவதற்குமாகச் சுமார் 55,000 வீடுகளில் மீட்டர் இருக்கிறது. சேனலின் ஒலியோடு நம் காதுக்கு எட்டாத ஒரு அடையாளக் குறி கலந்து வருகிறது, மீட்டர் அதைப் பிடித்துக்கொள்கிறது. யார் பார்க்கிறார்கள் என்பதை மட்டும் மனிதர்தான் சொல்ல வேண்டும். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பொத்தான் உண்டு, உட்காரும்போது அதை அழுத்த வேண்டும். அடுப்படியில் நின்றுகொண்டு, வசனத்தைக் காதில் வாங்கியபடி சப்பாத்தி தேய்ப்பவள் தன் பொத்தானை எப்போது அழுத்துவாள்? உட்கார்ந்து பார்ப்பவரை மனத்தில் வைத்துச் செய்த கருவி அது.

ஆனாலும் எண்ணப்படுவதும் அறியப்படுவதும் ஒன்றல்ல. வாக்குப்பெட்டி நம்மை எண்ணுகிறது. யாருக்குப் போட்டோம் என்று அதற்குத் தெரியாது. கணவனும் மாமனாரும் சொன்ன சின்னத்தை விட்டு வேறொன்றில் குத்திவிட்டு வந்து சாதுவாகச் சோறு வடித்த பெண்களை நம் எல்லோருக்கும் தெரியும். எண்ணு, ஆனால் என் பெயரைக் கேட்காதே என்ற அந்த ஏற்பாட்டைத் தேர்தலுக்குச் செய்ய முடிந்தது, கேட்பதற்கு ஏன் செய்யவில்லை? பழைய ஒலிபரப்பு நம்மை எண்ணவும் இல்லை, அறியவும் இல்லை. புதியது அறிந்துகொண்டு, அதையே எண்ணிக்கை என்று நம்மிடம் காட்டுகிறது.

அறியப்படுவதிலும் வகைகள் உண்டு. தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கம் மச்னூர் கிராமத்தில் இருக்கும் சங்கம் ரேடியோவைத் தலித் பெண்கள் நடத்துகிறார்கள். நிலையம் 1998 வாக்கிலேயே தயார், உரிமம் வந்ததோ 2008இல். இடைப்பட்ட பத்தாண்டுகளும் அவர்கள் விதை, மண், உடம்பு, பாட்டு என்று நிகழ்ச்சிகளைக் கேசட்டில் பதிந்து ஊர்ச் சங்கக் கூட்டங்களில் போட்டுக் காட்டினார்கள். தங்களைக் கேட்பவள் யார் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும், ஏனென்றால் நேற்று அவளோடு களை பறித்தார்கள். அவளுக்கும் இவர்களைத் தெரியும். நிகழ்ச்சி பிடிக்கவில்லை என்றால் வரப்பில் நின்றே சொல்லிவிடுவாள். இரு பக்கமும் முகம் தெரிகிற உறவில் எனக்கு அச்சமில்லை. ஒரு பக்கம் மட்டும் தெரிவதுதான் பிரச்சினை.

மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2023இல் கைபேசித் தயாரிப்பாளர்களிடம் எஃப்.எம். வசதியை முடக்க வேண்டாம் என்று அறிவுறுத்தியது. பேரிடரில் பயன்படும், ஏழைகளுக்குச் செலவில்லை என்ற காரணங்கள் சொல்லப்பட்டன. இரண்டும் சரி. யாரும் பின்தொடராமல் கேட்க முடியும் என்பதை மூன்றாவதாக நான் சேர்ப்பேன். தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதக் கட்டணம் இல்லை. அதனால் எத்தனை வீடுகளில் இருக்கிறது என்பதுகூட மதிப்பீடுதான், அதை ஒரு பலவீனமாகவே பேசுகிறார்கள். இணையம் இல்லாமல் கைபேசிக்கு நேரடியாக ஒளிபரப்பும் முறையையும் பிரசார் பாரதி சோதித்துவருகிறது. அந்தக் கைபேசி அலையை வாங்கிக்கொள்வதோடு நிற்குமா, பார்த்ததைப் பிறகு இணையம் வழியே திருப்பி அனுப்புமா என்பதை விதிகள் எழுதப்படும்போதே பெண்கள் அமைப்புகள் கேட்க வேண்டும்.

கைபேசியில் எஃப்.எம். கேட்க இயர்போன் வயர்தான் ஆண்டெனா. அண்ணன் மகள் வாங்கியிருக்கும் புதுக் கைபேசியில் வயர் செருகும் துளையே இல்லை. கடைக்காரரிடம் கேட்டோம். ஆப் இருக்கிறதே மேடம், மெயில் ஐடி கொடுத்தால் போதும் என்றார்.