கைலாயம் கேட்டவருக்கு ஐயாறு கிடைத்தது



எங்கள் கோயிலில் ஞாயிறு காலையில் சமய வகுப்பு நடக்கிறது. சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், வகுப்பு முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு, படிவம் 4 படிக்கும் ஒரு தம்பி என்னிடம் வந்து நின்றான். அவன் அப்பா லாரி ஓட்டுநர். அந்த மாதம்தான் மாரடைப்பில் திடீரென்று போய்விட்டார்.

“அண்ணே, கடவுள் கைவிட மாட்டாருன்னு போன வாரம் சொன்னீங்க. அப்புறம் ஏன் எங்கப்பாவ எடுத்துக்கிட்டாரு? அவரு ஒரு வெள்ளிக்கிழமகூட கோயிலுக்கு வராம இருந்ததில்லயே?”

எனக்குப் பதில் வரவில்லை. ‘எல்லாம் நன்மைக்கே’ என்ற சொல் வாய் வரை வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டேன். ‘போன ஜென்மத்து வினை’ என்றும் சொல்லவில்லை. வினைக் கொள்கை நம் சமயத்தில் உண்டுதான். ஆனால் அது நான் என் நடத்தையைத் திருத்திக்கொள்வதற்காக. அடுத்தவர் வீட்டுச் சாவுக்குப் போய்த் தீர்ப்புச் சொல்வதற்காக அல்ல.

“யோசிச்சிட்டுச் சொல்றேன்பா” என்றேன். இந்தக் கட்டுரை அந்த யோசனைதான்.

நம்மில் பலருடைய நம்பிக்கை காப்புறுதி மாதிரி இருக்கிறது. அர்ச்சனை செய்கிறோம், விரதம் இருக்கிறோம், தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறோம். சந்தா ஒழுங்காகக் கட்டியாகிவிட்டது, இனி எதுவும் நடக்கக்கூடாது என்று நினைக்கிறோம். கேட்ட பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை, வேலை போய்விட்டது, வீட்டில் ஒருவர் படுத்துவிட்டார் என்றால், ‘சாமி ஏமாத்திட்டாரு’ என்று தோன்றுகிறது. ஆனால் எதுவும் நடக்காது என்று நம் அடியார்கள் யாருக்காவது வாக்குக் கொடுக்கப்பட்டதா? சேக்கிழாரின் பெரியபுராணத்தைத் திறந்து பாருங்கள்.

திருவாமூரில் திலகவதியார் என்று ஒரு பெண். அவருக்குத் தளபதி கலிப்பகையாரைத் திருமணம் பேசி முடித்திருந்தார்கள். அந்த நேரத்தில் கலிப்பகையார் போருக்குப் போனார். இங்கே அப்பா இறந்தார், அம்மாவும் போனார். அடுத்து வந்த செய்தி, போரில் கலிப்பகையாரும் இறந்துவிட்டார் என்பது. தானும் உயிரை விடத் துணிந்தார் திலகவதியார். தம்பி மருள்நீக்கியார் காலில் விழுந்து அழுதான். ‘நீங்களும் போனா நானும் போயிடுவேன் அக்கா’ என்பதுதான் அவன் சொன்னதன் சாரம். அந்த ஒரு பிள்ளைக்காக அவர் உயிரோடு இருந்தார்.

கவனியுங்கள். இறைவன் கலிப்பகையாரைத் திருப்பி அனுப்பவில்லை. பெற்றோரை எழுப்பித் தரவில்லை. கதையில் எந்த அற்புதமும் அந்த இடத்தில் நடக்கவில்லை. அனாதையாகிப்போன அந்தப் பையனுக்குக் கடவுளின் துணை எந்த உருவத்தில் வந்தது? ஓர் அக்காவின் உருவத்தில்.

அந்தத் தம்பி வளர்ந்து சமண சமயத்தில் சேர்ந்து தருமசேனர் ஆனார். திலகவதியாருக்கு இது இன்னொரு அடி. அவர் திருவதிகைக் கோயிலைப் பெருக்கி, மெழுகி, பூத்தொண்டு செய்து, தம்பிக்காக வேண்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் தாங்க முடியாத சூலை நோயோடு தம்பி வந்து நின்றபோது, ‘நான்தான் அப்பவே நெனச்சேன்’ என்று குத்திக் காட்டவில்லை. திருநீறு கொடுத்துக் கோயிலுக்கு அழைத்துப் போனார். நமக்குத் திருநாவுக்கரசர் கிடைத்தது அப்படித்தான். நம்பிக்கை என்பது கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பது அல்ல என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அதே நாவுக்கரசர் முதிர்ந்த வயதில் கைலாயம் காண ஆசைப்பட்டார். நடந்தார், கால் தேய்ந்தது. கையால் தவழ்ந்தார், உடம்பால் உருண்டார். பாதி வழியில் ஒரு முனிவர் வந்து ‘திரும்பிப் போ’ என்கிறார். இத்தனை பாடும் வீணா என்று யாருக்கும் தோன்றும். அவரும் உடனே திரும்பவில்லை, மறுத்தார். பிறகு இறைவன் சொன்னபடி அங்கிருந்த குளத்தில் மூழ்கினார். எழுந்தது திருவையாற்றுக் குளத்தில். அங்கேதான் கைலாயக் காட்சி கிடைத்தது. கேட்டது கிடைத்தது, ஆனால் அவர் நினைத்த இடத்தில் இல்லை.

படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்று இறைவனின் தொழில்களை ஐந்தாகச் சொல்கிறது சைவ சித்தாந்தம். இதில் மறைத்தலையும் அருள் என்றே பெரியவர்கள் கொண்டார்கள். எனக்கு இது பெரிய ஆறுதல். ‘ஏன் இப்படி ஆச்சு?’ என்று கேட்டால், ‘இப்போது எனக்குத் தெரியவில்லை’ என்று சொல்ல நம் சமயமே இடம் கொடுக்கிறது. தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்ல வேண்டியதில்லை. திரை இருக்கிறது, திரைக்குப் பின்னால் ஆள் இல்லாமல் இல்லை. அவ்வளவுதான் நான் நம்புவது.

இதை அந்தத் தம்பியிடம் திலகவதியார் கதையாகத்தான் சொன்னேன். “அப்போ கலிப்பகையார் திரும்பி வரவே இல்லயாண்ணே?” என்றான். “வரலப்பா.” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, பள்ளியை நிறுத்திவிட்டுக் கார் கழுவும் கடையில் சேரப் போவதாகச் சொன்னான். அன்று மாலையே வகுப்பில் உள்ள பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து பேசினோம். ஒருவர் டியூஷனுக்கு ஏற்றிப் போகிறார், ஒருவர் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார், மற்றவர்கள் பள்ளிச் செலவைப் பகிர்ந்துகொள்கிறோம். பெரிய காரியம் ஒன்றுமில்லை. ஆனால் ‘கடவுள் கைவிட மாட்டார்’ என்று மேடையில் சொன்னவர்களுக்கு அந்த வார்த்தையில் ஒரு பங்கு பொறுப்பு இருக்கிறதல்லவா?

அவன் கேள்வி தீர்ந்துவிட்டதா என்று எனக்குத் தெரியாது. தீர்ந்திருக்காது. ஆனால் இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சீக்கிரமே வந்து பாய் விரிக்கிறான். எட்டு வயதுத் தங்கையையும் கையைப் பிடித்துக் கூட்டி வருகிறான்.

உங்கள் பக்கத்து வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். போய்ப் பாருங்கள்.

திருச்சிற்றம்பலம்.