வாசலில் நிற்பவர்களின் இறையியல்

மாலைத் தொழுகை முடிகிற நேரத்தில் பள்ளிவாசலுக்கு வெளியே கைக்குழந்தையோடு பெண்கள் காத்து நிற்பார்கள். திண்டுக்கல்காரர்களுக்கு இது புதிதில்லை. பலர் நெற்றியில் குங்குமம் இருக்கும். தொழுதுவிட்டு வருகிறவர்கள் குழந்தையின் முகத்தில் ஓதி ஊதுவார்கள். மாசித் திருவிழாவில் கோட்டை மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறவர்களும், முத்தழகுபட்டி செபஸ்தியார் கோயில் அன்னதானத்துக்கு ஆடோ கோழியோ நேர்ந்துவிடுகிறவர்களும் இவர்களில் உண்டு.

ஆலன் ரேஸ் என்ற ஆங்கிலிக்கன் குரு 1983இல், பிற மதங்களைப் பார்க்கும் பார்வையை மூன்றாகப் பிரித்தார். என் வழி மட்டுமே வழி, மற்றவையும் என் வழிக்குள் அடக்கம், எல்லாமே வழிகள்தாம். இந்தத் தாய்மார்கள் எதில் சேர்வார்கள்? ‘பிள்ளைக்குக் காய்ச்சல், அதனால் போகிறாள், இதில் என்ன இறையியல்’ என்று படித்தவர்கள் சிரிக்கலாம். கருணைக்கு மதம் பார்க்கும் பழக்கம் இருக்காது என்று முடிவு கட்டிவிட்டுத்தானே அவள் அங்கே போய் நிற்கிறாள்? அது ஒரு கடவுள் கொள்கைதான்.

ஆனால் இதை நான் கொண்டாடத் தயங்குகிறேன். அவள் நிற்பது வாசலில். பேகம்பூர் என்ற பெயரே ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகத்தால் வந்தது. ஊருக்குப் பெண் பெயர் வைப்பதில் யாருக்கும் சங்கடமில்லை. உள்ளே நின்று ஓதுவது யார், பலிபீடத்தில் நிற்பது யார் என்று கேட்டால்தான் பேச்சு மாறுகிறது. பெண்களுக்குக் குருப்பட்டம் தரத் திருச்சபைக்கு அதிகாரமே இல்லை என்று 1994இல் போப் எழுதினார். மத நல்லிணக்க மேடைகளைப் பாருங்கள்: காவி, தொப்பி, வெள்ளை அங்கி, பெரும்பாலும் மூவரும் ஆண்கள். (வரவேற்புரையும் குத்துவிளக்கும் நமக்கு.)

சிக்கல் அதோடு முடியவில்லை. மணவிலக்கு வழக்குகளைப் பெண்ணை உட்காரவைத்துக் கேட்காமலே ஆண்கள் ஜமாஅத் முடிக்கிறது என்று புதுக்கோட்டையில் தாவூத் ஷரீபா கானம் பெண்களுக்கான ஜமாஅத்தைத் தொடங்கினார். அவருக்கு இரண்டு பக்கமும் ஆபத்து. ‘சமூகத்தைக் காட்டிக்கொடுக்கிறாய்’ என்று உள்ளே சொல்வார்கள். முஸ்லிம்களைத் திட்டக் காரணம் தேடுகிறவர்கள் வெளியே கைதட்டுவார்கள். முற்போக்கு நண்பர்களோ, ‘அடுத்தவர் மத விவகாரம், நாம் தலையிடக் கூடாது’ என்று ஒதுங்குவார்கள். பன்மைக்கு மரியாதை என்ற பெயரில் அந்தப் பெண்ணை அவள் சமூகத்து ஆண்களிடமே ஒப்படைத்துவிடுகிறோம். ஒரு மதம் என்ன சொல்கிறது என்பதை அதன் பெண்களிடமும் கேட்காமல் எந்த மதத்தை மதிக்கிறோம்?

அப்படிக் கைதட்டுகிறவர்களைப் பக்கத்து மாவட்டத்துக்குக் கூட்டிப்போக எனக்கு ஆசை. உசிலம்பட்டி அருகே, அப்பாவுக்குப் பிறகு அம்மன் கோயிலில் பூசை செய்யப் பின்னியக்காள் முன்வந்தபோது, பெண் என்பதால் தடுத்தார்கள். அவர் மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போக வேண்டியிருந்தது. உள்ளே இருப்பது பெண்தெய்வம், பூசை செய்ய மட்டும் பெண் கூடாதா என்ற முரணை நீதிபதி சந்துரு சுட்டிக்காட்டினார். 2008இல் தீர்ப்பு பின்னியக்காளுக்குச் சாதகமாக வந்தது.