விரல் மடங்காத விடியல்

மலேசியாவின் செரண்டா தோட்டப்புறத்தில் பால்மரம் வெட்டிய கைகள் விடியலில் மடங்க மறுத்தால், வினைப்பயன் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அது முடக்குவாதமாக இருந்து, தொடக்கத்திலேயே கண்டு, வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் மருந்து கொடுத்தால், பலருக்கு மூட்டு கோணாமல் காக்கலாம்; கோணிய மூட்டை மருந்தால் நிமிர்த்த முடியாது. ஊழுக்கு ஓர் அதிகாரம் தந்த வள்ளுவர் மருந்துக்கும் ஒன்று தந்தார். அதில் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து பார்ப்பவரையும் சேர்த்தார். அரசு மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளிதானே என்பார்கள். கட்டணம் அவ்வளவுதான்; ஆனால் செலாயாங் மருத்துவமனைக்குப் போய்வந்தால் துணைக்கு வருபவரின் அன்றைய கூலியும் போகும். வலியை வினை தந்ததாகவே இருக்கட்டும், தாமதத்தைத் தருவது தூரமும் கூலியும். திருவிழாவுக்கு பஸ் பிடிக்கும் கோயில் நிர்வாகங்கள், மாதம் ஒருமுறை செலாயாங்குக்கும் பிடிக்க வேண்டும்.