வானமும் தராசும்

புதியதொரு சாதனம் உலகில் தோன்றும்போதெல்லாம் மக்கள் இரு கூறாகப் பிரிந்து நிற்பது வழக்கம். "இது ஆகாது, இதைத் தொடாதீர்கள்" என்பர் ஒரு சாரார். "காலம் மாறிவிட்டது, பழையவற்றை மூட்டை கட்டி வையுங்கள்" என்பர் மற்றொரு சாரார். பள்ளிவாசலுக்கு ஒலிபெருக்கி வந்தபோது நடந்த இதே வழக்குத்தான் இன்று வானவெளிப் பயணத்தைப் பற்றியும், செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் நடக்கிறது. இவ்விருவரில் எவருடைய பேச்சு மார்க்கத்துக்கு ஒத்தது? இருவருடையதும் அன்று என்பதே என் கருத்து. அதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு.

2007 அக்டோபர் 10-ஆம் நாள், நம் மலேசியாவைச் சேர்ந்த டாக்டர் ஷேக் முஸாபர் ஷுக்கோர், கஸக்ஸ்தானின் பைகோனூரிலிருந்து ரஷ்ய ஓடத்தில் ஏறி அனைத்துலக விண்வெளி நிலையத்துக்குப் புறப்பட்டார். அன்று நமக்கு ரமழான் பிறை 28. மூன்றாம் நாள் நோன்புப் பெருநாள். அந்த நிலையமோ பூமியை ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒரு முறை சுற்றுவது. ஒரு நாளில் 16 தடவை சூரியன் உதிக்கும்; 16 தடவை மறையும். அப்படியானால் ஒரு நாளில் 80 வேளை தொழுவதா? நோன்பு எப்போது பிடிப்பது, எப்போது திறப்பது? நிமிடத்துக்கு நிமிடம் இடம் மாறும் கூட்டில் கிப்லா எது?

இக்கேள்விகளை அவர் மேலே போன பிறகு கேட்கவில்லை. 2006-லேயே நாட்டின் விண்வெளித் துறை ஆலிம்களையும் விஞ்ஞானிகளையும் ஒரே கருத்தரங்கில் அமர்த்திக் கேட்டது. தேசிய ஃபத்வா மன்றம் வழிகாட்டி நூல் ஒன்றையே வெளியிட்டது. தொழுகை 24 மணிக்கு ஐந்து வேளைதான். நேரம் புறப்பட்ட ஊரின் நேரம். கிப்லாவுக்கு இயன்றால் கஅபா, இயலாவிடில் கஅபாவுக்கு நேர் மேலான வெளி, அதுவும் இயலாவிடில் பூமி, அதுவும் இல்லையேல் எத்திசையும் ஆகும். ஒளுவுக்குத் தண்ணீர் இல்லையேல் தயம்மும். நோன்பை அங்கேயே நோற்கலாம், திரும்பி வந்து களாவும் செய்யலாம். எவ்வளவு அழகான தீர்ப்பு! தொழுகையையும் விடவில்லை, பயணத்தையும் தடுக்கவில்லை. பழமையைக் காப்பது என்றால் இதுதான். புதுமையின் வாசலை அடைப்பதன்று, நம் கடமையை அந்த வாசலுக்குள்ளும் கூடவே கொண்டுபோவது.

தீனும் விஞ்ஞானமும் பகை என்போருக்கு நம் தமிழ் முஸ்லிம்களே விடை. இந்தியாவின் முதல் சொந்த ஏவுகலமான எஸ்.எல்.வி.-3, 1980 ஜூலை 18-இல் வெற்றியுடன் எழுந்தபோது அதன் திட்ட இயக்குநர் இராமேசுவரத்து அப்துல் கலாம். 2023 செப்டம்பர் 2-இல் சூரியனை ஆராயப் புறப்பட்டு, 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் தன் நிலையை அடைந்த ஆதித்யா-எல்1 கலத்தின் திட்ட இயக்குநர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி அம்மையார். ஆகவே வானம் நமக்கு அந்நியமன்று.

இதுவரை எவருக்கும் மறுப்பிராது. இனிமேல் சொல்வதுதான் சற்றுக் கசக்கும்.

நாம் இபாதத்தைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்கிறோம். முஆமலாத்தைப் பற்றி, அதாவது கொடுக்கல் வாங்கலையும் பொது நலத்தையும் பற்றி, அதில் ஒரு பங்காவது கேட்கிறோமா? டாக்டர் ஷேக் முஸாபரின் இருக்கை எப்படிக் கிடைத்தது? 2003-இல் நம் நாடு ரஷ்யாவிடம் 18 சுக்கோய்ப் போர் விமானங்கள் வாங்கிய உடன்பாட்டோடு சேர்ந்து வந்தது அது. கடைக்காரனுக்குத் தெரியும்: மொத்தமாகச் சரக்கு எடுப்பவனுக்கு இனாமாகக் கொடுக்கும் பொருளின் விலையும் அந்தச் சரக்கின் விலைக்குள்தான் இருக்கும். அந்தச் செலவு வீண் என்று நான் சொல்லவரவில்லை. பதினோராயிரத்துக்கு மேற்பட்டோர் அந்தப் பயணத்துக்கு மனுச் செய்தார்கள். எத்தனையோ பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தார்கள். ஆனால் அவருக்குப் பின் இரண்டாமவர் ஒருவரும் அத்திட்டத்தில் போகவில்லை. கிப்லா எது என்று முன்கூட்டிக் கேட்ட அதே கவனத்துடன், "இதனால் விளையும் பலன் என்ன, யார் கைக்குப் போகும், எத்தனை நாள் நிலைக்கும்?" என்றும் நம் சமுதாயம் கேட்டிருக்க வேண்டாமா?

சூரா அர்ரஹ்மானை ஓதுவோர் ஒன்றைக் கவனித்திருப்பர். சூரியனும் சந்திரனும் கணக்கின்படி இயங்குவதையும், வானம் உயர்த்தப்பட்டதையும் கூறும் அதே இடத்தில்தான் மீஸான் என்னும் தராசும் வருகிறது. நிறுவையில் வரம்பு மீறலாகாது என்ற கட்டளையும் அடுத்தே வருகிறது. வானத்தைப் பார்க்கிறவன் தராசை மறக்கக் கூடாது என்று நான் இதை விளங்கிக்கொள்கிறேன். தராசு, கடை மேசை மீது இருப்பது மட்டுமன்று. ஒரு தட்டில் லாபமும் மறு தட்டில் அதற்காகப் பிறர் இழப்பதும் ஏறுகிற எந்த இடத்திலும் மீஸான் உண்டு.

இதற்கு முன்மாதிரி ஒன்றும் உண்டு. கேரளத்துத் தும்பா ஒரு மீனவக் கிராமம். இந்தியாவின் முதல் ராக்கெட் 1963 நவம்பர் 21-இல் அங்கிருந்துதான் எழுந்தது. அந்த இடத்தில் மீனவர்களின் வீடுகளும் புனித மரிய மக்தலேனா தேவாலயமும் இருந்தன. விக்ரம் சாராபாய் முதலில் ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைராவைக் கண்டு பேசினார். ஆயரோ தாமே முடிவு சொல்லிவிடவில்லை. ஞாயிறு வழிபாட்டுக்குக் கூடிய மக்களின் முன் விஷயத்தை வைத்தார். அவர்கள் சம்மதித்தார்கள். அந்தத் தேவாலயமே விஞ்ஞானிகளின் முதல் அலுவலகமாயிற்று. இதைக் கலாம் அவர்களே எழுதியும் பேசியும் இருக்கிறார். அந்த ஏழை மக்கள் கொடுத்தது பெரிது. அவர்களைக் கேட்டது அதனினும் பெரிது.

இப்போது நம் செடெனாக்கைப் பார்ப்போம். ரப்பரும் செம்பனையும் நின்ற மண் இது. இன்று செடெனாக் தொழில்நுட்பப் பூங்காவில் தரவு மையங்கள் எழுந்து நிற்கின்றன. சிங்கப்பூர் 2019 முதல் 2022 வரை புதிய தரவு மையங்களை நிறுத்தி வைத்தது. இடமும் மின்சாரமும் தேடியவர்களின் பார்வை ஜொகூர் மேல் விழுந்தது. கைப்பேசியில் நாம் அனுப்பும் படமும், செயற்கை நுண்ணறிவிடம் கேட்கும் கேள்வியும் ஆகாயத்தில் மிதப்பதாக எண்ணுகிறோம். இல்லை, அவை இத்தகைய கட்டடங்களுக்குள் இயந்திரங்களாய்ச் சூடேறிக் கிடக்கின்றன. அந்தச் சூட்டை ஆற்ற மின்சாரம் வேண்டும். பல இடங்களில் தண்ணீரும் வேண்டும். 150 மெகாவாட் வளாகம் ஒன்று முழு அளவில் ஓடினால் ஒரு நாளைக்கு 36 லட்சம் யூனிட். வீட்டுக்குப் பத்து யூனிட் என்று வைத்தாலும் 3 லட்சத்து 60 ஆயிரம் வீடுகளின் மின்சாரம் அது.

இம்மையங்கள் வேண்டாம் என்பது என் வாதமன்று. வேலை வரும், வியாபாரம் வரும், நம் பிள்ளைகள் படித்த படிப்புக்கு ஊரிலேயே இடம் கிடைக்கக்கூடும். மாநில அரசும் கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை. 2024-இல் தனிக் குழு அமைத்து, அவ்வாண்டிலேயே வந்த விண்ணப்பங்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டை ஏற்க மறுத்தது. அது நன்று. ஆனால் அரசாங்கம் கேட்கிறது என்பதால் சமுதாயத்தின் வாய் மூடிவிடலாமா? தொழிலாளருக்கு உள்ளே சுராவ் உண்டா என்று நாம் கேட்போம், கேட்கவும் வேண்டும். அத்தோடு நிற்கிறோமே! குழாயில் தண்ணீர் குறைந்தால் முதலில் நிறுத்தப்படுவது யாருடைய குழாய்? காவற்காரர் வேலையும் துப்புரவு வேலையும் மட்டும் நம்மவருக்கா, இயந்திரத்தை இயக்கும் வேலையும் உண்டா? அதற்கான பயிற்சியை யார் தருவர்? ஓடும் ஆற்றங்கரையில் அமர்ந்தாலும் ஒளுவில் தண்ணீரை விரயமாக்கலாகாது என்று மதரஸாவில் படித்த நாம் கேட்காவிடில் வேறு யார் கேட்பர்?

எங்கள் ஜமாஅத்துகளுக்கும் சங்கங்களுக்கும் என் விண்ணப்பம் ஒன்றே. 2007-க்கு முன் ஆலிம்களையும் விஞ்ஞானிகளையும் ஓரிடத்தில் அமர்த்தியதுபோல, இவ்விஷயத்திலும் ஆலிம்களையும் பொறியியல் கற்ற நம் இளைஞர்களையும் ஒரே பாயில் அமர்த்துங்கள். கேள்விகளை எழுதுங்கள். நகராண்மைக் கழகத்துக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் மரியாதையோடு அனுப்புங்கள். கட்டடம் எழுந்த பின் முணுமுணுப்பது புலம்பல். அஸ்திவாரம் போடுமுன் கேட்பது கடமை.

மனிதன் சந்திரனுக்கும் செல்லட்டும், செயற்கை அறிவையும் ஆக்கட்டும். அறிவு அல்லாஹ் அளித்த அமானிதம். அமானிதத்துக்குக் கணக்கு உண்டு. மறுமையில் மீஸான் வைக்கப்படும் நாளில், எவ்வளவு உயரம் பறந்தோம் என்பதன்று, எதை எடுத்தோம், யாருக்குக் கொடுத்தோம் என்பதே நிறுக்கப்படும். அந்தக் கணக்கை இங்கேயே சரிபார்த்துக்கொள்ளும் தெளிவை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.